விளைநிலத்தில் நம் கூடாரம்

வீடு கட்டிக் குடியேறிய மக்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் அவ்வீட்டைவிட்டு வெளியேறிக் கூடாரங்களில் தங்க வேண்டும் என்று பழைய ஏற்பாட்டில் ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார். லேவியர் நூலின் 23ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்ட மூதாதையர் பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வந்த தலைமுறையினர் மறந்துவிடலாகாது என்பதே அக்கட்டளையின் நோக்கம். இணைச்சட்ட நூலின் 16ஆம் அதிகாரமோ இவ்விழாவுக்குரிய காலத்தையும் குறிக்கிறது: களத்துத் தானியமும் திராட்சை ஆலையின் பயனும் வீடு வந்து சேர்ந்த பின்னர் இது கொண்டாடப்பட வேண்டும். யார் யார் கூடி மகிழ வேண்டும் என்பதற்கும் அங்கே பட்டியல் உண்டு. வீட்டுக்காரரின் மகனும் மகளும் மட்டுமல்லர். வேலைக்காரர், லேவியர், வேற்றூரார், தந்தையற்ற பிள்ளை, கைம்பெண் ஆகிய அனைவரும் அதில் அடங்குவர்.

குருமடத்தில் இப்பகுதியை நாம் படித்ததுண்டு. மறையுரைகளில் விளக்கியதும் உண்டு. ஆயினும் அறுவடைக்கும் கூடாரத்துக்கும் உள்ள உறவை நாம் உள்ளபடி உணர்ந்தது 2024ஆம் ஆண்டு தை மாதத்தில், நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டியில், சோளம் அறுத்து முடிந்த ஒரு காட்டில்தான். அங்கே நாம் கற்றதையும், நம்மால் நேர்ந்த பிழையையும் மறைக்காமல் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

ஏன் புறப்பட்டோம்?

நம் பங்கு மக்களுள் பெரும்பாலோர் உழவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டனாருக்கு நிலம் இருந்தது. தந்தை அதனை விற்றுவிட்டு நகருக்கு வந்தார். மகன் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலோ, கோழித் தீவன ஆலையிலோ, அலுவலகத்திலோ உழைக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கோ வெங்காயம் என்பது கடையில் கிடைக்கும் பண்டம், அவ்வளவே.

ஒருநாள் மறைக்கல்வி வகுப்பில் விதைப்பவர் உவமையை விளக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "விதையைக் கையாலா வீசுவார்கள், ஃபாதர்?" என்று கேட்டாள். கேள்வியில் குறும்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. நம் ஆண்டவர் பேசிய மொழி இப்பிள்ளைகளுக்கு அயல்மொழியாகிவிட்டதே என்று அன்று நமக்குப் பட்டது. விதை, களம், பதர், மந்தை, பட்டி, மேய்ப்பர் என்னும் சொற்களை எடுத்துவிட்டால் நற்செய்தியின் உவமைகளில் எஞ்சுவது எவ்வளவு?

பங்குப் பேரவையில் இதைப் பற்றிப் பேசினோம். சுற்றுலா என்று பேருந்து அமர்த்திப் பார்த்துவிட்டு வருவதால் பயனில்லை. விளைநிலத்திலேயே இரண்டு இரவு தங்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒன்பது குடும்பங்கள் முன்வந்தன. அவ்வாண்டு தைப்பூசம் வியாழனன்றும் குடியரசு நாள் வெள்ளியன்றும் அமைந்தன. வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு பிற்பகல் திரும்புவது என்று திட்டமிட்டோம். ஞாயிறன்று பங்கில் திருப்பலி நிறைவேற்ற அண்டைப் பங்கின் குருவானவர் இசைந்தார்.

நம் பங்கின் ஒரு குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான தோட்டத்துக்காரர் ஒருவர் இடந்தர ஒப்பினார். அவர் நம் சமயத்தவர் அல்லர். வாடகை என்று ஒரு சொல்லும் பேசவில்லை. "வேலை நடக்கிற தோட்டமுங்க சாமி. எங்க வேலையை நாங்க பாத்துக்கிட்டு இருப்போம். நீங்க தாராளமா இருந்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். 'வேலை நடக்கிற தோட்டம்' என்ற சொற்களை நாம் அப்போது போதிய அளவு எடைபோட்டுப் பார்க்கவில்லை.

கூடார வாழ்வு புதியதன்று

இளையோரைக் கூடாரத்துக்கு அழைத்துச் செல்வது பயனற்ற பொழுதுபோக்கு என எண்ணுவோர் சிலர் உண்டு. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கித்தானின் கீழ் உறங்கிய அந்த ஒரு வாரமே உலகளாவிய சாரணர் இயக்கத்தின் வித்து. நம் நாட்டில் காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டமும் கல்லூரி மாணவரைச் சிற்றூர்களுக்கு அனுப்பி முகாமிட்டுத் தொண்டாற்றச் செய்துவருகிறது.

திருச்சபையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. போலந்து நாட்டில் பொதுவுடைமை ஆட்சி நிலவிய காலத்தில், இளங்குருவாக இருந்த கரோல் வொய்த்திவா மாணவர்களையும் இளம் தம்பதியரையும் அழைத்துக்கொண்டு மலைகளுக்கும் ஆறுகளுக்கும் செல்வார். கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கவிழ்த்த படகே பலிபீடம். 1958ஆம் ஆண்டு ஜூலை மாதம் அப்படியொரு படகுப் பயணத்தின் நடுவில்தான் அவருக்கு அழைப்பு வந்தது. வார்சா சென்று, கிராக்கோவின் துணை ஆயராகத் தாம் நியமிக்கப்பெற்றதை அறிந்து, இசைவு தெரிவித்தபின் மீண்டும் தம் இளைஞர்களிடமே ஆற்றங்கரைக்குத் திரும்பினார். அவரே பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 2014இல் புனிதராக உயர்த்தப்பெற்றவர்.

நம் பயணத்துக்கு மிக நெருங்கியது வேறொன்று. 1971இல் லண்டன் மாநகரில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கோப்பார்ட் என்னும் பெண்மணி, வாரக் கடைசியில் நாட்டுப்புறம் செல்ல வழியின்றித் தவிக்கும் தம்மைப் போன்றோருக்காக ஓர் ஏற்பாடு செய்தார். இயற்கை முறையில் உழவு செய்யும் பண்ணைக்குச் சென்று தங்குவது. தங்கும் இடத்துக்கும் உணவுக்கும் ஈடாக அங்கே உழைப்பது. நான்கு பேரோடு தொடங்கிய அம்முயற்சி இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அவர் முதல் நாளிலேயே கண்டுகொண்ட உண்மையை நாம் மூன்றாம் நாள்தான் கண்டுகொண்டோம்.

பட்டிக்காரரின் பாடம்

நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் எருமப்பட்டி அமைந்துள்ளது. வடபுறத்தில் கொல்லிமலை நீண்ட சுவரென நிற்கிறது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்தை அங்குள்ளோர் தோட்டம் என்பர். வானம் பார்த்த நிலத்தைக் காடு என்பர். நமக்கு இடந்தந்தவருக்கு இரண்டும் உண்டு. தோட்டத்தில் சின்ன வெங்காயமும் மரவள்ளியும். காட்டில் அறுத்து முடிந்த சோளத்தின் அடித்தட்டைகள்.

கூடாரங்கள் எளியவை. கடையில் வாங்கியது ஒன்றே. மற்றவை மூங்கிற்கழிகளின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியவை. தரையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் பாயும் விரித்தோம். தண்ணீருக்குக் கிணற்றடித் தொட்டி. சமையலுக்கு மூன்று கல். முதல் நாள் பிற்பகல் முழுவதும் கழி நடுவதிலும் கயிறு முறுக்குவதிலும் கழிந்தது. கைப்பேசியின் நினைவு பிள்ளைகளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அன்று மாலை அடுத்த காட்டில் ஓர் ஆட்டு மந்தை வந்து இறங்கியது. வயது முதிர்ந்த மேய்ப்பர் ஒருவரும் அவருடைய மருமகனும் மூங்கிற்படல்களைச் சுற்றிலும் நிறுத்தி ஆடுகளை உள்ளே அடைத்தனர். பக்கத்தில் ஆள் ஒருவர் முடங்கிப் படுக்கும் அளவுக்கு ஒரு சிறு குடிசை; இருவராகத் தூக்கி நகர்த்தக்கூடியது. அவையும் மேச்சேரி இனத்துச் செம்மறிகள். சேலம் மாவட்டத்து மேச்சேரியால் பெயர் பெற்றவை. பிள்ளைகள் அனைவரும் அங்கேதான் கூடிவிட்டனர்.

பெரியவர் சொன்ன செய்தி இதுதான். அறுவடை முடிந்த நிலத்தில் இரவுதோறும் பட்டி போடுவார்கள். ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். மறுநாள் படல்களைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நிறுத்துவார்கள். இப்படியே நிலம் முழுவதும் சுற்றி வருவார்கள். இதற்காக நிலத்துக்காரர் அவருக்குப் பணமோ தானியமோ தருவார். "ஒரே எடத்துல நாள் கணக்கா நின்னா எரு மிஞ்சிப் பயிருக்குச் சூடாயிருங்க. நகந்துக்கிட்டே இருந்தாத்தான் மண்ணுக்கு நல்லது" என்றார்.

இம்முறையின் மதிப்பை வேளாண் அறிவியலும் ஒப்புக்கொள்கிறது. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே உள்ளது. ஆட்டெருவிலோ ஏறத்தாழ மூன்று பங்கு. அதனை உடனே மேலாக உழுது மண்ணோடு கலந்துவிட்டால் சத்து காற்றில் வீணாவதில்லை.

பட்டி என்ற சொல்லுக்கே கால்நடை அடைக்கும் இடம் என்பது பொருள். எருமப்பட்டி என்ற ஊர்ப்பெயரிலும் அச்சொல் இருக்கிறதே என்று ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கூவினான். எல்லாரும் சிரித்தோம். பிறர் நிலத்தில் தங்கிச் செல்வோர் அந்நிலத்தை வளப்படுத்திவிட்டுச் செல்வது இவ்வூர்ப்புறத்தின் பழைய வழக்கம் என்று நாமும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறினோம். அச்சொற்கள் நம்மையே சோதிக்கும் என்று அப்போது அறியோம்.

ஒரு முளையின் விலை

சனிக்கிழமை நன்றாகவே கழிந்தது. பால் கறப்பதைப் பார்த்தனர். மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றனர். கிணற்றை எட்ட நின்று எட்டிப் பார்த்தனர். அன்று மாலை, நிலவு எழுமுன், பதினான்கு வயதையொட்டிய மூன்று சிறுவர்கள் தங்கள் கூடாரத்தைப் பெயர்த்து வெங்காய வயலை ஒட்டிய வரப்புக்குக் கொண்டுபோயினர். அவர்களுள் இருவர் உடன்பிறந்தோர். அங்கிருந்தால் நிலவு மலைமேல் ஏறுவது தெரியும் என்பது அவர்கள் எண்ணம். யாரிடமும் கேட்கவில்லை. நாமும் பார்த்தோம்; பிள்ளைகள் மகிழட்டும் என்று விட்டுவிட்டோம். பிழையின் பெரும்பங்கு நம்முடையதே.

அந்த வரப்போரத்தில் ஒரு சாண் ஆழத்தில் கறுப்புக் குழாய் ஒன்று புதைந்திருந்தது. கிணற்று நீரை மரவள்ளிக்குக் கொண்டுசெல்லும் குழாய் அது. சிறுவர்கள் அடித்த இரும்பு முளை அதன்மேல் இறங்கியது. ஏதோ நெகிழ்வதுபோல் இருக்கவே, பிடுங்கி வேறிடத்தில் அடித்துவிட்டு உறங்கப் போயினர்.

ஞாயிறு விடியுமுன் தோட்டத்துக்காரர் மோட்டாரை இயக்கினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து மரவள்ளி வயலின் கடைசியில் தண்ணீர் சேரவில்லை என்று வரப்போரமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், தாழ்ந்து கிடந்த வெங்காயப் பாத்திகளில் நீர் தேங்கி நிற்பதைக் கண்டார்.

நகரத்தார்க்கு இதன் கடுமை எளிதில் விளங்காது, நமக்கும் விளங்கவில்லை. வெங்காயத்தைப் பிடுங்குவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். தாள் சாய்ந்து, தோல் காய்ந்து இறுகினால்தான் காய் கெடாது. நன்கு காய்ந்த வெங்காயத்தைக் காற்று உள்ளே புகுமாறு அமைத்த பட்டறையில் சேர்த்துவைத்து, விலை கிடைக்கும்போது விற்பர். ஈரம் ஏறிய வெங்காயம் பட்டறைக்கு ஆகாது. ஒன்று அழுகினால் பக்கத்திலிருப்பதும் அழுகும். உடனே பிடுங்கி உலர்த்தி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். இரண்டு நாளில் பிடுங்குவதாக இருந்த பத்துப் பாத்திகள் அன்று தண்ணீரில் நின்றன.

தோட்டத்துக்காரர் உரத்து ஒரு சொல்லும் பேசவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பின்மேல் குந்தி உட்கார்ந்தார். அந்த மௌனத்தை நோக்க, அவர் நம்மைத் திட்டியிருக்கலாம் என்றே தோன்றிற்று.

அப்போது உடன்பிறந்தோருள் மூத்தவன் முன்னே வந்தான். "நான்தான் அடித்தேன். ஏதோ குத்தியது தெரிந்தது. சொல்லப் பயமாக இருந்தது" என்றான். அவன் உதடுகள் நடுங்கின. ஒப்புரவு அருட்சாதனத்துக்கான தயாரிப்பைப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவருகிறோம். அதனை அத்துணைத் தெளிவாக நாம் கண்டது அன்றுதான்.

அவனுடைய தந்தை லாரிக் கூண்டுப் பட்டறையில் வேலை செய்பவர், அதிகம் பேசாதவர். மகனை அடிப்பார் என்று அஞ்சினோம். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மண்ணைக் கையால் தோண்டிக் குழாயை வெளியே எடுத்தார். ஓட்டையுள்ள துண்டை அறுத்து நீக்கினார். கிணற்றடிக் கொட்டகையில் கிடந்த இணைப்புத் துண்டைத் தேடி எடுத்து, நெருப்பில் குழாயின் முனையை இளக்கிப் பொருத்தினார். பின்பு மண்வெட்டியை வாங்கிப் பாத்தியின் தாழ்ந்த முனையை வெட்டித் தேங்கிய நீரை வடியவிட்டார். எல்லாம் கால்மணி நேரத்தில் முடிந்தது. மகன்கள் இருவரும் வாய்திறந்து நின்றனர். தங்கள் தந்தைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும் என்பதையே அவர்கள் அறிந்திருக்கவில்லை. "எங்களுக்கும் ரெண்டு ஏக்கர் வெங்காயக் காடு இருந்துச்சு, ஃபாதர். இவனுங்க பிறக்கறதுக்கு முன்னாடியே வித்தாச்சு" என்று நம்மிடம் மெதுவாகச் சொன்னார்.

முதலில் எது?

காலை ஏழு மணிக்குக் களத்து வேப்பமரத்தின்கீழ் ஞாயிறு திருப்பலி என்று அறிவித்திருந்தோம். மக்கள் நம் முகத்தைப் பார்த்தனர். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடாதவர் உங்களுள் யார் என்ற பொருளில் நம் ஆண்டவர் கேட்ட கேள்வி லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதற்குமேல் நாம் ஆய்வு செய்யவில்லை. "முதலில் வெங்காயம், பிறகு திருப்பலி" என்றோம்.

தோட்டத்துக்காரர் வேலைக்கு அழைத்த பெண்கள் அறுவர் வந்தனர். நம் குடும்பத்தார் முப்பதுக்கு மேற்பட்டோர். அப்பெண்களே நமக்கு ஆசிரியைகள்: தாளைக் கொத்தாகப் பிடித்து எப்படி இழுப்பது, இறுகிய இடத்தில் களைக்கொத்தால் எப்படி நெம்புவது, மண்ணை எப்படி உதறுவது. ஒரு பாத்தி முடியுமுன் நம்மவர்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; அவர்களோ பேச்சும் சிரிப்புமாய் மூன்றாம் பாத்திக்குப் போய்விட்டனர். ஒருவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். நாள்தோறும் குழம்பில் இடும் வெங்காயத்தின் பின்னால் இப்படி ஒரு முதுகு வளைந்திருக்கிறது என்பதை எத்தனை மறையுரையால் உணர்த்தியிருக்க முடியும்?

பதினொரு மணிக்குப் பிடுங்கியவை அனைத்தும் களத்தில் பரப்பப்பட்டன. கைகால் கழுவியபின், கவிழ்த்த இரு மரப்பெட்டிகளின்மேல் பலகை இட்டு வெள்ளைத் துணி விரித்துத் திருப்பலி நிறைவேற்றினோம். அம்மூன்று சிறுவர்களே அப்பத்தையும் இரசத்தையும் காணிக்கையாகக் கொண்டுவந்தனர். எவ்வளவு கழுவியும் அவர்கள் கையில் வெங்காய மணம் போகவில்லை. நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமே பீடத்துக்கு வருகின்றன என்பதை அன்று எவர்க்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்களும் வேப்பமரத்து நிழலின் ஓரத்தில் கைகூப்பி நின்றனர். இணைச்சட்ட நூலின் பட்டியல் நம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள், வேலைக்காரர், வேற்றூரார், கைம்பெண், எவரும் குறையவில்லை.

புறப்படுமுன் இழப்புக்கு ஈடாகப் பணந்தர முயன்றோம். தோட்டத்துக்காரர் வாங்க மறுத்தார். ஈரம் ஏறிய வெங்காயத்தை நம் குடும்பங்களே நல்ல வெங்காயத்தின் விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னோம், அதற்கும் தயங்கினார். திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய வயதான தாயார்தான் தீர்ப்பு வழங்கினார்: "வாங்கிக்க சாமி. வந்தவங்களைக் கடனோட திருப்பி அனுப்பாதே." மகனையே அவர் 'சாமி' என்று அழைத்தார். மன்னிப்பு வேறு, ஈடுசெய்தல் வேறு; இரண்டும் வேண்டும் என்று நாம் மறைக்கல்வியில் கற்பிப்பதைப் பள்ளிக்கூடம் பாராத அந்த அன்னை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு

நம் பிழையைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். அதனை அறிந்து செல்லுங்கள். சில குறிப்புகளைத் தருகிறோம்.

தை, மாசி மாதங்களே நம் சமவெளிக்கு ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை முடிந்து, காடுகளில் அறுவடையும் முடிந்திருக்கும். சித்திரையில் வெயிலும், கோடைமழைக்கு முன்வரும் சூறைக்காற்றும் கூடாரத்துக்குப் பகை.

மேடான, நீர் தேங்காத, அறுவடை முடிந்த நிலமே உகந்தது. ஓடைப் பள்ளத்திலும், தென்னையின் அடியிலும், மின்கம்பியின் கீழும் தங்கலாகாது. நம் பகுதிப் பாசனக் கிணறுகள் ஆழமானவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. சிறுவரைப் பெரியவர் துணையின்றி அப்பக்கம் விடவே கூடாது. இருட்டியபின் கைவிளக்கும் காலணியும் இன்றி எவரும் நடக்கக் கூடாது. எலிகள் உலவும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

தீ மூட்டும் இடத்தை நிலத்துக்காரரே காட்டட்டும். வைக்கோல் போரும் சோளத்தட்டுப் போரும் அவருடைய மாடுகளின் ஓராண்டு உணவு; ஒரு பொறி போதும். படுக்குமுன் தண்ணீர் ஊற்றி, மண்ணிட்டு மூடுங்கள்.

கழிப்பிடத்துக்குக் கிணற்றுக்கும் களத்துக்கும் தொலைவில் குழி எடுத்து, ஓலைத் தட்டியால் மறைத்து, பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் மண்ணால் மூட வேண்டும். பாசறைக்கு வெளியே மண்ணைத் தோண்டி மூடும் இவ்வொழுங்கு இணைச்சட்டம் 23ஆம் அதிகாரத்திலேயே இருப்பது நம்மில் பலர்க்கு வியப்பாக இருக்கலாம்.

நெகிழித் தாளையும் பையையும் ஒன்றுகூட விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். சோற்றின் மணத்துக்காகப் பையோடு விழுங்கும் மாட்டின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கி, நாளடைவில் உயிருக்கே கேடாகும். மருந்து தெளித்த வயல் எது என்று முதலிலேயே கேட்டறிந்து, பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். திறந்திருந்த படலைத் திறந்தே விடுங்கள். மூடியிருந்ததை மூடியே விடுங்கள்.

எதையும் கேட்காமல் பறிக்காதீர்கள். பிறர் திராட்சைத் தோட்டத்தில் பசியாற உண்ணலாம், கூடையில் இடலாகாது. பிறர் விளைநிலத்தில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாளை வைக்கலாகாது என்று இறைச்சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. விருந்தாளிக்குரிய உரிமையும் எல்லையும் அதில் அடங்கிவிட்டன.

இவை அனைத்தினும் மேலாக ஒன்று. தங்கும் நாள்களில் ஒரு வேளையேனும் அந்நிலத்தில் உழையுங்கள். என்ன வேலை என்பதை நிலத்துக்காரர் சொல்லட்டும். நாம் ஓய்வெடுக்கச் செல்லும் அதே மண்ணில் பிறர் வியர்வை சிந்திக்கொண்டிருக்கிறார்கள். அதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவது கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அழகன்று.

வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்னும் உண்மையைக் கூறுமிடத்து, யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலம் கூடாரம் அடித்துத் தங்குதலைக் குறிக்கும் சொல்லையே ஆள்கிறது. மண்ணுலகுக்கு வந்த இறைமகன் பார்வையாளராகத் தங்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை செய்தார். அவரை மக்களிடம் அறிவித்த புனித பவுலும் கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலால் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டார். இவ்வுலகில் நாம் எல்லாரும் சில காலம் தங்கிச் செல்வோரே. தங்கிய இடம் நம்மால் வளம் பெற்றதா, வறண்டதா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. மேச்சேரி ஆடுகள் அதற்கு நல்ல விடை வைத்திருக்கின்றன.

அன்று வண்டி புறப்படுகையில் தோட்டத்துக்காரர் அருகில் வந்தார். "அடுத்த தைக்கும் வாங்க சாமி" என்றார். நமக்கு நெஞ்சு நிறைந்தது. நன்றி சொல்ல வாயெடுக்குமுன், வண்டிக்குள் இருந்த மூன்று சிறுவர்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூறினார்:

"ஆனா முளை அடிக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேளுங்க."